ஒரு தவணை, ஒரு நிலக் கோப்பு: தோட்டப்பட்டணத்துச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

இந்தப் பதிவு யாருக்காக

மலேசியாவின் மேற்குக் கரையில் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சிறு பட்டணம். அந்தத் தொகுதியில் 2018 முதல் ஒரே ஒரு தவணை சட்டமன்ற உறுப்பினராக இருந்தவரின் சேவை மையத்தில் கோப்புகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் இருந்தது. அந்தத் தவணையில் அவர் கையிலெடுத்த ஒரு நில விவகாரம் எப்படித் தொடங்கியது, எங்கே போய் நின்றது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். சேவை மையம் நடத்துகிறவர்கள், கோயில் நிருவாகத்தில் இருப்பவர்கள், தோட்டக் குடும்பங்களுக்கு மனு எழுதிக் கொடுப்பவர்கள் ஆகியோருக்கு இது உதவும்.

சில குடும்பங்களின் மனு இன்னும் நிலுவையில் இருப்பதால் மாநிலம், பட்டணம், கட்சி, ஆட்கள் எதையும் பெயர் சொல்லவில்லை.

பட்டணமும் தோட்டமும்

இரண்டு வரிசைக் கடைகள், ஒரு தபால் நிலையம், ஒரு போலீஸ் நிலையம், தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளி, வாரம் ஒருநாள் இரவுச் சந்தை. பட்டணம் அவ்வளவுதான். சுற்றிலும் ஒரு காலத்தில் ரப்பர் மரங்கள் இருந்தன. அவற்றை அழித்துச் செம்பனை நட்டபோது பால்வெட்டுக்கு வேண்டிய ஆள்பலம் தேவைப்படாமல் போனது. பிள்ளைகள் கிள்ளானுக்கும் ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போனார்கள். தோட்ட வேலைக்கு இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் வந்தார்கள். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், மிஞ்சியவர்கள் ஓய்வு பெற்றவர்கள், கணவனை இழந்த பெண்கள், அவர்கள் வளர்க்கும் பேரப்பிள்ளைகள்.

தோட்ட வீடு வேலையோடு வருவது. தொழிலாளர் வீடமைப்புக்கான குறைந்தபட்சத் தரத்தை 1990-ஆம் ஆண்டின் 446-ஆவது சட்டம் வரையறுக்கிறது. ஆனால், வேலை நின்றபின் அதே வீட்டில் இருக்கும் உரிமையை அது தரவில்லை. மூன்று தலைமுறை அதே லயத்தில் பிறந்து வளர்ந்திருக்கலாம். பெயர் செக்ரோலை (தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டை) விட்டுப் போன நாளோடு வீட்டுக்கும் அவர்களுக்கும் உறவு முடிந்தது என்பதுதான் சட்டத்தின் கணக்கு. பழைய நிருவாகங்கள் ஓய்வு பெற்றவர்களைக் கண்டும் காணாமல் விட்டுவைத்தன. தோட்டம் கைமாறும்போதுதான் பிரச்சினை வெடிக்கிறது.

இந்தத் தோட்டம் 2018 தேர்தலுக்கு முன்பே கைமாறிவிட்டது. புதிய உரிமையாளர், வீட்டைக் காலி செய்யும்படி சுமார் 60 குடும்பங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியிருந்தார்.

அவர் வந்த வழி

அந்தச் சட்டமன்ற உறுப்பினரின் அம்மா பால்வெட்டுக்காரர், அப்பா மண்டோர் (கங்காணி). தோட்டத் தமிழ்ப்பள்ளி, புகுமுக வகுப்பு, பட்டணத்து இடைநிலைப்பள்ளி, அப்புறம் தோட்ட அலுவலகத்திலேயே சின்னக் கிராணி (எழுத்தர்). சில ஆண்டுகளில் அந்த வேலையை விட்டுப் பக்கத்து நகரத்தில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். நிலப் பத்திரம், பெயர் மாற்றம், வங்கிக் கடன் பத்திரம் என்று பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் இதே வேலை. பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விவரம் முக்கியம்.

2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூரில் நடந்த, இந்தியர் உரிமை கேட்ட ஹிண்ட்ராஃப் இயக்கத்தின் பேரணிக்கு இந்தப் பட்டணத்திலிருந்து போனவர்களில் அவரும் ஒருவர். அடுத்த ஆண்டு மார்ச் 8 பொதுத் தேர்தலில் நாடே ஆடிப்போனது. எதிர்க்கட்சிகள் ஐந்து மாநிலங்களைப் பிடித்தன. அப்போது அவர் வாக்குச்சாவடி முகவர் மட்டுமே. 2013-இல் வேட்பாளராக நின்று தோற்றார். தோற்ற பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுத்துவந்தார். 2018 மே 9 அன்று வென்றார். மாநில ஆட்சியும் அவருடைய கூட்டணியிடம் வந்தது.

முதல் மாதங்களில் கவனித்தவை

சேவை மையத்துக்கு வருகிறவர்கள் என்னென்ன கேட்டு வந்தார்கள் என்று ஒரு பெரிய நோட்டில் எழுதிவைக்கச் சொன்னார். சாக்கடை அடைப்பு, தெருவிளக்கு, பள்ளிச் சீருடை, டயாலிசிஸ் செலவு, ஈமச்சடங்குச் செலவு, சிவப்பு அடையாள அட்டை (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்கானது), பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளை. பக்கம் பக்கமாக இவைதான் இருந்தன.

மலேசியாவில் ஊராட்சித் தேர்தல் 1965-இல் நிறுத்தப்பட்டது. 1976-ஆம் ஆண்டின் சட்டம் அதை முழுமையாகவே எடுத்துவிட்டது. அதனால் சாக்கடைக்கும் குப்பைக்கும் பதில் சொல்ல மக்கள் தேர்ந்தெடுத்த ஆள் என்று சட்டமன்ற உறுப்பினரைத் தவிர யாரும் இல்லை. இன்னொரு பக்கம், குடியுரிமை, கல்வி, மருத்துவமனை, போலீஸ் எல்லாம் மத்திய அரசின் கையில். கூட்டரசு அரசமைப்பின் ஒன்பதாவது அட்டவணைப்படி மாநிலத்துக்கென்று இருக்கும் பெரிய அதிகாரம் நிலம். மாநிலத்தின் அமைச்சரவை போன்ற ஆட்சிக்குழு நினைத்தால் ஒரு துண்டு அரசாங்க நிலத்தை ஒரு குடும்பத்தின் பெயருக்கு எழுதிக் கொடுக்கலாம்.

நோட்டைப் புரட்டினால் நிலம் கேட்டு வந்தவர்கள் மிகக் குறைவு. காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் கிடைத்த குடும்பங்கள்கூட வாடகைக்கு உதவி கேட்டுத்தான் வந்தன. நிலம் கேட்டால் கிடைக்கும் என்ற நினைப்பே அவர்களிடம் இல்லை. அவரை மிகவும் பாதித்தது இதுதான் என்பது என் கணிப்பு.

முதல் முடிவு: நேரத்தைப் பிரித்தது

செவ்வாய்க்கிழமை முழுக்க நிலத்துக்கு மட்டும் என்று ஒதுக்கினார். அன்றைக்குத் திறப்பு விழா இல்லை, பரிசளிப்பு இல்லை. இதில் கட்சிக்காரர்களுக்கு வருத்தம்தான். கோயில் திருவிழாவில் மாலை போட்டு மேடையேற்றினால்தான் ஒய்பி (சட்டமன்ற உறுப்பினரை அழைக்கும் சொல்) வேலை செய்வதாக ஊர் நம்பும் என்றார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால், ஐந்து ஆண்டுத் தவணையில் நிலக் கோப்பு ஒன்று முடிய மூன்று நான்கு ஆண்டுகள் ஆகிவிடும், முதல் ஆண்டிலேயே தொடங்காவிட்டால் முடியாது என்று குமாஸ்தா வேலையில் அவர் பார்த்திருந்தார்.

இரண்டாவது முடிவு: வழக்கா, மனுவா

உரிமையாளர் மீது வழக்குப் போட வேண்டும் என்று இளைஞர்கள் சிலர் நின்றார்கள். நட்ட ஈட்டை வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்றது இன்னொரு பிரிவு. கூட்டம் பழைய பெரட்டுக் களத்தில், அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், நடந்தது. அண்ணன் தம்பிகளே எதிரெதிராக நின்று பேசினார்கள்.

அவர் இரண்டு வழக்கறிஞர்களிடம் கருத்துக் கேட்டார். இருவரும் ஏறக்குறைய ஒன்றையே சொன்னார்கள்: நில உரிமையாளர் நீதிமன்ற விதிகளின் 89-ஆவது ஆணையின்கீழ் சுருக்க முறையில் வீட்டைக் காலி செய்யும் உத்தரவு கேட்கலாம், குடும்பங்கள் எதிர்த்து நின்று கொஞ்சம் காலம் வாங்கலாம், வீட்டைத் தக்கவைப்பது கடினம். அதனால், இருக்கிற இடத்துக்காகச் சண்டை போடுவதைவிட வேறு இடத்தைப் பட்டாவோடு கேட்பது என்று முடிவானது. வழக்கறிஞர் உதவியோடு உரிமையாளரிடம் கால அவகாசம் மட்டும் பேசி வாங்கப்பட்டது.

அந்த வேறு இடம் எங்கே? விடை கோயில் அலமாரியில் இருந்தது. தோட்டச் சாலை ஓரத்து மாரியம்மன் கோயிலுக்குத் தற்காலிகக் குடியிருப்பு உரிமம், அதாவது டி.ஓ.எல்., இருந்தது. எந்த மாதத்தில் எடுத்தாலும் அது டிசம்பர் 31 அன்று காலாவதியாகிவிடும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கும் தாள்களைக் கோயில் தலைவர் அடுக்கி வைத்திருந்தார். அவற்றோடு ஒட்டியிருந்த வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்த ஒய்பி, கோயிலுக்குப் பின்னால் ஓடையை ஒட்டிப் போகும் நீளமான பட்டையைக் காட்டி, “தலைவரே, இது தோட்டத்து நெலம் இல்லையே. இதுக்கு லாட் நம்பரே இல்ல பாருங்க” என்றார். டி.ஓ.எல். அரசாங்க நிலத்துக்குத்தான் கொடுப்பார்கள். கோயில் நிற்பது அரசாங்க நிலம் என்றால் அதன் தொடர்ச்சியும் அப்படித்தான் இருக்க வேண்டும். மாவட்ட நில அலுவலகத்தில் போய்த் தேடிப் பார்த்ததில் அது உறுதியானது. அத்தனை ஆண்டுகளாகத் தோட்டம் அதிலும் செம்பனை நட்டு வைத்திருந்ததால், எல்லாரும் அது தோட்டத்தின் சொத்து என்றே நினைத்திருந்தார்கள்.

ஆவணம் சேர்த்த காலம்

கூட்டுறவுச் சங்கத்தின் பெயரில் ஒரே மனுவாகப் போடுவதா, தனித்தனியாகவா என்று ஒரு கேள்வி எழுந்தது. சங்கம் என்றால் வேலை சுலபம். ஆனால் நிருவாகச் சண்டையில் நிலம் சிக்கிக்கொண்ட கதைகள் தோட்டப்புறத்தில் ஏராளம். எனவே குடும்பத்துக்கு ஒரு மனு, கணவன் மனைவி இருவர் பெயரும் சேர்த்து என்று அவர் தீர்மானித்தார். எனக்கு இது இன்றும் சரியான முடிவாகவே படுகிறது.

ஆனால் அதற்கான உழைப்பு கொஞ்சமல்ல. எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டியின் நிலை மற்றவர்களுக்கும் பொருந்தும். அவர் தன் காகிதங்களை எல்லாம் ஒரு மைலோ டின்னில் வைத்திருந்தார். திருமணப் பதிவுத் தாள், கணவரின் இறப்புப் பத்திரம், பழைய சம்பளச் சீட்டுகள், ஒரு கறுப்பு வெள்ளைப் படம். அடையாள அட்டையில் அவர் பெயர் ஒரு விதமாகவும், திருமணத் தாளில் வேறு விதமாகவும் இருந்தது. தகப்பன் பெயரில் ஓர் எழுத்தும் மாறியிருந்தது. அந்தக் காலத்தில் கிராணியின் காதுக்கு எப்படிக் கேட்டதோ அப்படி எழுதியதுதான். நில அலுவலகம் மனுவைத் திருப்பி அனுப்பியது. பெயர் வேறுபட்டாலும் ஆள் ஒருவரே என்று சத்தியப் பிரமாணம் எடுத்து மறுபடியும் போட்டோம். அதற்காக வந்தபோது பாட்டி சொன்னார்: “ரோடு போட்டுத் தர்றேன், லைட்டு போட்டுத் தர்றேன்னு வந்தவங்க நெறைய பேரு ஒய்பி. எம்பேர்ல ஒரு காயிதம் வாங்கிக் குடுங்க, போதும்.” ஒய்பி, “சரிங்கம்மா, அதுக்குத்தான் செவ்வாய்க்கிழமை உக்காந்திருக்கோம்” என்றார்.

மனுக்கள் உள்ளே போன பிறகு நில அலுவலகம் மற்ற இலாகாக்களின் கருத்தைக் கேட்டது. ஓடைக்கரையில் ஒதுக்கு நிலம் விட வேண்டும் என்று வடிகால் நீர்ப்பாசன இலாகா சொன்னதால் மனைகளின் அளவு சுருங்கியது. கோயில் நிலத்தையும் இதே மனுவில் சேர்த்துவிடலாமா என்று பேச்சு வந்தபோது, ஒன்று தடைபட்டால் மற்றதும் நிற்கும் என்பதால் வீட்டு மனைகளை மட்டும் முதலில் அனுப்பினார்கள்.

மூன்றாவது முடிவு: சபையில் கேள்வி கேட்டது

கோப்பு ஒரு மேசையில் பல மாதம் அசையாமல் கிடந்தது. ஆளும் தரப்பு உறுப்பினர் என்பதால் ஆட்சிக்குழு உறுப்பினரின் அறைக்கே போய்ப் பேசலாம், பேசவும் செய்தார். “பார்க்கலாம்” என்ற பதில் கிடைத்தது. அப்போதுதான் சட்டமன்றத்தில் வாய்மொழிக் கேள்வியாகக் கேட்பது என்று தீர்மானித்தார். சொந்த அரசாங்கத்தைச் சபையில் கேள்வி கேட்பது அழகல்ல என்று சக உறுப்பினர்கள் தடுத்தார்கள். மாநிலச் சட்டமன்றம் ஆண்டில் சில நாட்கள்தான் கூடுகிறது. இரண்டு கூட்டத்தொடர்களுக்கு நடுவே ஆறு மாதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது மட்டுமே விதி. ஒரு வாய்ப்பைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று தெரியாது.

கேள்வியில் யாரையும் குறை சொல்லவில்லை. தோட்டத்தின் பெயர், நிலத்தின் அளவு, மனு எண்கள், எந்தத் தேதியிலிருந்து நிலுவை என்பவை மட்டும் இருந்தன. பரிசீலனை முடியும் கட்டத்தில் இருக்கிறது, ஆட்சிக்குழுவின் பார்வைக்கு வைக்கப்படும் என்று பதில் வந்தது. அது சபைக் குறிப்பில் அச்சாகிவிட்டது. அந்தப் பக்கத்தை நகலெடுத்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பிரதி கொடுக்கச் சொன்னார். கேள்வி கேட்ட சில மாதங்களில், 2020 தொடக்கத்தில், ஆட்சிக்குழு ஒப்புதல் கொடுத்தது.

2020: ஆட்சி போனது, ஊர் முடங்கியது

ஒப்புதல் கிடைத்துவிட்டால் நிலம் வந்துவிட்டதென்று மக்கள் நினைக்கிறார்கள். அப்படியில்லை. நில அலுவலகம் 5ஏ பாரம் அனுப்பும். அதில் குறித்த பிரீமியத்தையும் (நிலத்துக்காக அரசுக்குக் கட்டும் தொகை) மற்றக் கட்டணங்களையும் குறித்த காலத்துக்குள் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் தேசிய நிலச் சட்டப்படி ஒப்புதலே காலாவதியாகிவிடும். எங்கள் குடும்பங்களுக்கு 5ஏ பாரம் வந்து சேர்ந்த நேரத்தில், மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. நாள்கூலி நின்றது. சிங்கப்பூருக்கும் கிள்ளானுக்கும் போன பிள்ளைகளால் வரவும் முடியவில்லை, பணம் அனுப்பவும் முடியவில்லை. அந்த ஆண்டின் முற்பாதியிலேயே மாநில ஆட்சியும் தேர்தல் இல்லாமல் கைமாறியது.

அவருக்கு இரண்டு தரப்பிலிருந்தும் அழைப்பு வந்தது. கட்சித் தாவலைத் தடுக்கும் அரசமைப்புத் திருத்தம் அப்போது கிடையாது. கூட்டரசு அளவில் அது 2022 அக்டோபரில்தான் நடப்புக்கு வந்தது. புதிய ஆட்சியின் பக்கம் போனால் தொகுதி மானியம் தொடரும், கோப்பும் நகரும் என்று நேரிலேயே சொன்னார்கள். சொன்னவர்களில் அந்த 60 குடும்பங்களைச் சேர்ந்தவர்களும் உண்டு. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. வீடு போய்விடும் என்ற பயத்தில் இருக்கிறவர்களுக்கு யார் எந்தக் கட்சி என்பது பெரிதில்லை.

அவர் போகவில்லை. தனக்கு விழுந்த வாக்கு எந்த அணிக்கு விழுந்தது என்று தெரிந்துகொண்டு வேறு அணிக்குப் போக முடியாது என்றார். இன்னொன்றும் சொன்னார்: ஒப்புதல் ஆட்சிக்குழுக் குறிப்பில் பதிவாகிவிட்டது, பாரமும் வெளியே வந்துவிட்டது, இனி இது அரசியல் முடிவு இல்லை, பணம் கட்டும் வேலை. இந்தக் கணிப்பு பெரும்பாலும் சரியாக இருந்தது. புதிய ஆட்சி அந்த ஒப்புதலில் கை வைக்கவில்லை.

ஆனால் எதிர்க்கட்சி உறுப்பினராகிவிட்டதால் மானியம் நின்றது. சேவை மையத்தின் வாடகைக்கே சிரமப்பட்டோம். உணவுப் பொட்டலத்துக்குக் கடைக்காரர்களிடம் கையேந்தும் நிலை.

பிரீமியத்துக்கு வழி தேடியபோது கைகொடுத்தது ஊழியர் சேமநிதி. ஏப்ரல் 2020 முதல் இரண்டாவது கணக்கிலிருந்து மாதம் 500 வெள்ளி (ரிங்கிட்) வரை எடுக்கலாம் என்று ஐ-லெஸ்தாரி திட்டம் வந்தது. மகன் அல்லது மகள் பெயரில் சேமநிதி உள்ள குடும்பங்கள் அதை எடுத்துக் கட்டின. கால நீட்டிப்புக் கேட்டு அவர் எழுதிய கடிதங்களுக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைத்தது. சேமநிதியும் இல்லாமல் சம்பாதிக்கும் பிள்ளையும் இல்லாத குடும்பங்கள்தான் கட்ட முடியாமல் நின்றன. ஆக, நிலம் யாருக்கு மிக அவசியமோ அவர்களுக்கே அது தவறிப்போனது.

விளைவு

ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக் குடும்பங்கள் பணம் கட்டி, அளவைக்கு முந்திய தற்காலிகப் பட்டாவைப் பெற்றன. மைலோ டின் பாட்டியும் அவர்களில் ஒருவர். பேத்தியின் சேமநிதிப் பணம்தான் உதவியது. சிலர் பலகை வீடு கட்டிக் குடியேறிவிட்டார்கள். மற்றவர்களின் ஒப்புதல் காலாவதியானது. அவர்களில் சிலர் உரிமையாளர் கொடுத்த தொகையை வாங்கிக்கொண்டு மலிவு வீட்டுக்கு வாடகைக்குப் போனார்கள்.

அடுத்த மாநிலத் தேர்தலில் கட்சி அவருக்கு வாய்ப்புக் கொடுக்கவில்லை. காரணமாகச் சொல்லப்பட்டது, களத்தில் முகம் தெரியவில்லை என்பது. செவ்வாய்க்கிழமைகளுக்கு அவர் கொடுத்த விலை அது. புதிதாக வந்தவர் வேறு கட்சி. எங்கள் ஒய்பி இப்போது பழையபடி வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை செய்கிறார்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

பிரீமியத்தைப் பற்றிய பேச்சு ஒப்புதலுக்குப் பிறகு வந்தது பெரிய குறை. ஆட்சிக்குழுவுக்குப் போகும் தாளிலேயே பிரீமியக் குறைப்பும் தவணை முறையும் கேட்டிருக்க வேண்டும். மாநிலத்துக்கு அதைக் கொடுக்கும் அதிகாரம் உண்டு. மனு போட்ட நாளிலிருந்தே குடும்பங்கள் மாதம் கொஞ்சம் சேர்த்துவந்திருந்தால் 2020-இன் அடி இவ்வளவு பலமாக விழுந்திருக்காது. இதை அவரிடமும் சொன்னேன், ஒப்புக்கொண்டார்.

கோயில் விஷயத்தில் எங்களுக்குள் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. வீட்டு மனைகளோடு சேர்க்காமல் விட்டது சரி என்கிறார் அவர். தனி மனுவாக அதே வாரத்தில் போட்டிருக்கலாம் என்பது என் எண்ணம். வீட்டு மனை முடியட்டும் என்று காத்திருந்ததில் ஆட்சி போய்விட்டது. கோயில் இன்னும் ஆண்டுதோறும் டி.ஓ.எல். புதுப்பித்துக்கொண்டுதான் நிற்கிறது.

பதவி முடிந்ததும் சேவை மையத்துக் கோப்புகளை வீட்டுக்கு அள்ளிக்கொண்டு போவது நம் பட்டணங்களில் வழக்கமாகிவிட்டது. வாரிசு வேறு கட்சி என்றால் கேட்கவே வேண்டாம். இவர் ஒவ்வொரு மனுவுக்கும் மூன்று பிரதி எடுக்கச் சொல்லியிருந்தார்: ஒன்று மையத்தில், ஒன்று குடும்பத்திடம், ஒன்று கோயில் அலமாரியில். பதவி முடிந்த வாரத்தில், புதிய உறுப்பினரின் உதவியாளரை நேரில் சந்தித்து நிலுவைப் பட்டியலை ஒப்படைத்துக் கையெழுத்தும் வாங்கினோம்.

ஒப்புதல் காலாவதியான குடும்பங்களில் பட்டணத்திலேயே தங்கிவிட்டவர்கள், பழைய மனு எண்களையும் சபைக் குறிப்பின் நகலையும் இணைத்து மறுபடியும் மனுப் போட்டிருக்கிறார்கள். இந்த முறை பிரீமியக் குறைப்பும் மனுவிலேயே கேட்கப்பட்டுள்ளது. நில அலுவலகம் பெற்றுக்கொண்டதாகக் கடிதம் கொடுத்திருக்கிறது. இலாகாக்களின் கருத்துக்காகக் கோப்பு காத்திருக்கிறது.